பிளாஸ்டிக் கிதார் வாங்கலாமா?

கிதார் வாசிப்பது போல விளையாடுகிற ஒரு வீடியோ கேமை வாங்கலாமா, வேண்டாமா என்று எழுபத்தொரு வயதில் யோசிக்க வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் பேரன் கேட்கிறான். மகள், "வேண்டவே வேண்டாம்பா, காசைப் பிடிச்ச கேடு" என்கிறாள். மாப்பிள்ளை, "மாமா என்ன சொல்றாரோ அதான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். ஆக, தீர்ப்பு பென்ஷன்காரன் தலையில் வந்து விழுந்திருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் தாலுகா ஆபீஸில் கோப்பு எழுதியவன் நான். இதையும் ஒரு கோப்பாகவே பாவித்து, இரண்டு தரப்பையும் கேட்டு, கடைசியில் உத்தரவு போடுவதாக இருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பேரன் பேத்தி இருந்தால் இந்தக் கோப்பு உங்களுக்கும் உதவலாம்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிதார் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. நரம்பு கிடையாது. கழுத்துப் பகுதியில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். நரம்பை மீட்டுகிற இடத்தில் மேலும் கீழும் ஆடும் ஒரு சின்னப் பட்டை. டி.வி.யில் பாட்டு ஓடும்போது ஒரு சாலை மாதிரி நம்மை நோக்கி வரும். அதன் மேல் அதே ஐந்து நிறத்தில் வில்லைகள் வரும். வில்லை கோட்டைத் தொடும் நொடியில் ஒரு கையால் அந்த நிறப் பொத்தானை அழுத்தி, மறு கையால் பட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டில் கிதார் ஒலிக்கும். தவறினால் கிதார் மட்டும் காணாமல் போகும், கூட்டம் கூச்சல் போடும். நிறையத் தவறினால் பாட்டு பாதியில் நின்றுவிடும். அவ்வளவுதான் விளையாட்டு.

இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. ஜப்பானில் கொனாமி கம்பெனி தொண்ணூறுகளின் கடைசியிலேயே 'கிதார் ஃப்ரீக்ஸ்' என்று காசு போட்டு ஆடும் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தது 2005 நவம்பரில், 'கிதார் ஹீரோ' என்ற பெயரில். ஹார்மோனிக்ஸ் என்ற அமெரிக்கக் குழு அதைச் செய்தது, ரெட்ஆக்டேன் என்ற கம்பெனி வெளியிட்டது. மறு வருஷமே பெரிய முதலாளிகள் வந்து இரண்டையும் தனித்தனியாக வாங்கிப் பிரித்துக்கொண்டார்கள். ரெட்ஆக்டேன் ஆக்டிவிஷனுக்குப் போயிற்று, ஹார்மோனிக்ஸ் எம்.டி.வி.க்குப் போயிற்று. 2007-ல் ஒரு பக்கம் 'கிதார் ஹீரோ 3', இன்னொரு பக்கம் டிரம்ஸும் மைக்கும் சேர்த்த 'ராக் பேண்ட்'. மூன்றாவது கிதார் ஹீரோ ஒன்றே நூறு கோடி டாலருக்கு மேல் விற்றதாக ஆக்டிவிஷன் சொன்னது. பிறகு வருஷத்துக்கு மூன்று, நாலு என்று போட்டுத் தள்ளினார்கள், ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. வேகமாக ஏறி, வேகமாக இறங்கிய கதை. இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது மறுபடி இதற்குத்தான் வருவேன்.

இப்போது மகளின் வாதம். அவள் சொல்வது எளிமையானது: "இதை எவ்வளவு நாள் ஆடினாலும் கிதார் வராது. வராத ஒண்ணுக்கு எதுக்குப் பணம்?"

பாதி சரி. ஆனால் இதைக் கேட்டதும் எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஞாபகம்தான் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் எங்கள் தலைமுறையில் யாரும் கேள்வி கேட்காமல் போய்ச் சேர்ந்த இடம். பழைய ரெமிங்டன் மிஷின் முன்னால் உட்கார வைத்து, முதல் பாடமாக 'ஏ எஸ் டி எஃப்' என்று வாரக்கணக்கில் அடிக்க விடுவார்கள். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. கண் தாளில் இருக்க வேண்டும், விரல் தானாகப் போக வேண்டும். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45 வார்த்தை. அது எழுத்துப் பயிற்சி இல்லை, விரல் பயிற்சி. ஆனாலும் அந்த விரல்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. பின்னால் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஆங்கில எழுத்துகள் அதே இடத்தில் இருந்ததால், மற்றவர்கள் ஒரு விரலால் தேடிக்கொண்டிருக்க நான் கடகடவென்று அடித்தேன்.

ஆகவே, அர்த்தமில்லாத விரல் பயிற்சி என்று எதையும் நான் சட்டென்று தள்ளிவிட மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இங்கே பழகிய விரல், அங்கே போனால் உதவுமா?

கொஞ்சம் உதவும். இரண்டு கையும் இரண்டு வேலையை ஒரே நொடியில் செய்யப் பழகும். காலப்பிரமாணம் உட்காரும். பாட்டு முழுக்க ஓடிக்கொண்டிருக்க, அதற்குள் கிதார் என்ன செய்கிறது, பேஸ் என்ன செய்கிறது என்று பிரித்துக் கேட்கக் காது பழகும். இந்தக் கடைசி விஷயம் சாதாரணமானது இல்லை. இளையராஜா பாட்டை ஐம்பது வருஷமாகக் கேட்கும் நம்மில் எத்தனை பேருக்கு அதில் பேஸ் கிதார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவது காதில் விழுந்திருக்கிறது? அடுத்த முறை பாட்டை விட்டுவிட்டு அதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உதவாதது எது? சுரம். பொம்மையில் ஐந்து பொத்தான். அசல் கிதாரில் ஆறு நரம்பு, ஒவ்வொரு நரம்பிலும் பத்துப் பன்னிரண்டு கட்டங்களுக்கு மேல். பச்சைப் பொத்தான் இந்தப் பாட்டில் ஒரு சுரம், அடுத்த பாட்டில் வேறு சுரம். விரலுக்கும் சுரத்துக்கும் நிலையான உறவே கிடையாது. சரளி வரிசையில் மாயாமாளவகௌளையை வைத்துக் குழந்தைக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே அந்த உறவைத்தான். அடுத்தது கமகம். நரம்பை இழுத்து, நெளித்து, ஒரு சுரத்தை அசைக்கிற வேலை. பொம்மையில் அதற்கென்று ஒரு கம்பி இருக்கிறது, அழுத்தினால் 'வொய்ங்' என்று ஓர் ஆட்டம் வரும். அதோடு சரி. மூன்றாவது, விரல் நுனியில் வலி. அசல் கிதாரில் முதல் மாதம் இரும்பு நரம்பு விரலை அறுக்கும், பிறகு காய்த்துப் போகும். அந்த வலியைத் தாண்டாமல் யாருக்கும் கிதார் வந்ததில்லை. பொம்மை அந்த வலியைத் தராது. அதனால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று மகள் சொல்வாள். நானும் மறுக்கவில்லை.

வெளிநாட்டு வாத்தியம் என்பதால் இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வயலின் வெள்ளைக்காரன் வாத்தியம். பாலுசுவாமி தீட்சிதர் கையில் எடுத்த பிறகு அது இல்லாமல் கச்சேரியே கிடையாது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சின்னப் பையனாக மேடை ஏறியபோது 'இதில் கமகம் வருமா' என்று சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். நமக்குப் பக்கத்து ராணிப்பேட்டையில் வளர்ந்த பிரசன்னா கிதாரிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்கிறார். 2010-ல் நம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடத்தையும் தொடங்கினார். எந்த ஊர் வாத்தியமானாலும் நரம்பு இருந்தால் நம் சங்கீதம் அதில் ஏறிக்கொள்ளும். பொத்தானில் ஏறாது.

அப்படியானால் இது வெறும் ஏமாற்றா? அதுவும் இல்லை. சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிற மாமாக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆதி தாளம் எட்டு அட்சரம் பிசகாமல் போடுவார். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்துக்கு வந்து விழும்போது அவர் முகம் மலரும். அவர் பாடவில்லை, வாசிக்கவும் இல்லை. அதற்காக அவரைச் சும்மா கேட்டவர் என்றும் சொல்ல முடியாது. கேட்பதற்கும் வாசிப்பதற்கும் நடுவில் ஒரு திண்ணை இருக்கிறது, அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்த விளையாட்டும் அந்தத் திண்ணைதான். என் சிநேகிதர்கள் நாலைந்து பேர் ரிட்டயர் ஆன பிறகு 'ஸ்மியூல்' செயலியில் டி.எம்.எஸ். பாட்டாகப் பாடித் தள்ளுகிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து 'இதனால் சங்கீதம் வருமா' என்று கேட்பதில்லை. பையனை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. என் பேரன் இடது கைக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிதார் வகுப்பில் சேர்த்தோம். மாஸ்டர் நல்லவர்தான், ஆனால் கிதாரை வலது கைக்காரர் போலத்தான் பிடிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். "எல்லாரும் இப்படித்தான் வாசிக்கிறாங்க" என்றார். மூன்று மாதத்தில் பையன் நின்றுவிட்டான். சாப்பிடும்போதும் எழுதும்போதும் கேட்டதையே அங்கேயும் கேட்டால் எந்தப் பிள்ளைதான் போகும்? அதிலிருந்து பாட்டு வகுப்பு என்றாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

போன பொங்கலுக்குச் செங்கல்பட்டில் பங்காளி வீட்டுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள், பழைய பிளேஸ்டேஷனும் ஒரு கிதார் ஹீரோ தட்டும் பொம்மையும் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையன் இவனிடம், "நீ லெஃப்டியா? இரு" என்று சொல்லி, ஏதோ ஓர் இடத்தில் தட்டினான். திரையில் வரிசை அப்படியே இடம் வலமாக மாறிவிட்டது. பொம்மையைத் திருப்பிப் பிடித்து ஆட ஆரம்பித்தான். மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அவன் முகத்தில் அந்தத் தெளிச்சியைப் பார்த்து எனக்கு ரொம்ப நாளாகியிருந்தது. மாஸ்டர் மூன்று மாதம் கொடுக்க மறுத்ததை விளையாட்டைச் செய்தவன் ஒரு பொத்தானில் கொடுத்திருக்கிறான். இதை மகளுக்கும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை.

சரி, விலைக்கு வருவோம். என்னைக் கேட்டால் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

நம் வீட்டில் கேரம் போர்டு வாங்கும்போது 'இது என்ன கற்றுக்கொடுக்கும்' என்று யாரும் கேட்டதில்லை. நாலு பேர் சேர்ந்து விளையாடுவார்கள், அது போதும். அதே நியாயம் பொம்மைக் கிதாருக்கும் உண்டு. ஆனால் கேரம் போர்டு இருபது வருஷம் வரும். காய் தொலைந்தால் காய் வாங்கலாம். பவுடர் தீர்ந்தால் வீட்டில் இருக்கிற ஏதாவது பவுடர். கேரம் போர்டு கம்பெனி மூடினாலும் நம் வீட்டுப் பலகை மறைந்து போகாது.

இங்கே மறைந்து போகும். 2015-ல் 'கிதார் ஹீரோ லைவ்' என்று மறுபடி ஒன்று கொண்டு வந்தார்கள். பொத்தானை ஐந்திலிருந்து ஆறாக்கி, மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்தார்கள், ஆகவே பழைய பொம்மை அதற்கு உதவாது. தட்டில் இருந்தது நாற்பத்துச் சொச்சம் பாட்டு. மற்ற நூற்றுக்கணக்கான பாட்டுகள் இணையத்தில் எங்கோ ஒரு சர்வரில். 2018 டிசம்பரில் அந்த சர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில் பொம்மை இருக்கிறது, தட்டு இருக்கிறது, பத்தில் ஒன்பது பங்கு பாட்டு இல்லை. செங்கல்பட்டு வீட்டுப் பழைய தட்டு ஏன் இன்றைக்கும் ஓடுகிறது? பாட்டெல்லாம் தட்டுக்குள்ளேயே இருப்பதால்தான். பட்டா நம் கையில் இருப்பதற்கும், குத்தகைக்கு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இப்போதைய நிலைமை என்ன? 'ராக் பேண்ட் 4'-க்கு வாரா வாரம் வந்துகொண்டிருந்த புதுப் பாட்டுகள் 2024 ஜனவரியோடு நின்றன. ஹார்மோனிக்ஸை 2021-ல் எபிக் கம்பெனி வாங்கிவிட்டது; அவர்கள் 2023 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல்' என்று கொண்டு வந்தார்கள். இறக்கிக்கொள்ளக் காசு இல்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஒரு மூலையில் இது இருக்கிறது என்பதைத் தாத்தா பாட்டிகள் தெரிந்துகொள்வது நல்லது. பிடித்த பாட்டை நிரந்தரமாக வைத்துக்கொள்ளத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 2024-ல் வந்த 'ரிஃப்மாஸ்டர்' என்ற புதுப் பொம்மைக்கு அமெரிக்காவில் 130 டாலர். நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும், அனுப்பும் கூலியும் வரியும் தனி. பாட்டெல்லாம் பெரும்பாலும் அவர்கள் ஊர் ராக் பாட்டு. நம் பாட்டு வேண்டுமென்றால், 'குளோன் ஹீரோ' என்று கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்று இருக்கிறது. அதில் எந்தப் பாட்டையும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் யாராவது பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு தட்டுக்கும் புள்ளி வைத்துத் தர வேண்டும். பொம்மை இல்லாமல் கீபோர்டிலேயே ஆடலாம். இடது கை வசதியும் உண்டு.

அசல் கிதாரையே கேபிள் போட்டு இணைத்து ஆடும் 'ராக்ஸ்மித்' என்ற யூபிசாஃப்ட் விளையாட்டு 2011-லிருந்து இருக்கிறது. இதில் பொத்தான் இல்லை, நரம்புதான். விரல் வலியும் உண்டு. நியாயமான சரக்கு. ஆனால் இப்போது வரும் 'ராக்ஸ்மித் பிளஸ்' மாதச் சந்தா. பென்ஷன்காரனுக்குச் சந்தா என்ற வார்த்தையே ஆகாது.

அசல் கிதார் ஐந்தாறாயிரத்துக்கே கிடைக்கும், அதை வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் ஒப்பிடும்போது நேர்மையாக ஒப்பிட வேண்டும். வாசிக்கப்படும் கிதாரோடு பொம்மையை ஒப்பிட்டால் பொம்மை தோற்கும். ஆணியில் மாட்டித் தூசி படிந்திருக்கும் கிதாரோடு ஒப்பிட்டால்? நம் தெருவிலேயே எத்தனை வீட்டுப் பரணில் வீணையும் ஆர்மோனியமும் துணி சுற்றிப் படுத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எல்லாமே ஆசையாக வாங்கியவைதான்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், யாருக்குத் தகுதி, யாருக்குத் தகுதியில்லை என்று பட்டியல் போட்ட ஊர். கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கணக்குக் காட்டாதவன் ஆகாது. எழுபது வயதுக்கு மேலும் ஆகாது. அந்தக் கணக்கில் நானே தகுதி இழந்தவன். இருந்தாலும் ஊர் வழக்கப்படி நானும் பட்டியல் போடுகிறேன்.

தகுதியுள்ளவர்: வீட்டில் ஏற்கெனவே விளையாட்டுப் பெட்டி இருப்பவர். சேர்ந்து ஆட இரண்டு மூன்று பிள்ளைகள் வந்து போகிற வீடு. பாட்டெல்லாம் தட்டிலேயே இருக்கும் பழைய செட்டு, வேலை செய்கிற பொம்மையோடு, மலிவாகக் கிடைக்கும் இடம் தெரிந்தவர். புது டி.வி.களில் படமும் ஒலியும் ஒரு கண்ணிமை நேரம் தாமதமாக வரும்; விளையாட்டின் அமைப்புக்குள் போய் அதைச் சரிசெய்யப் பொறுமை உள்ளவர்.

தகுதியில்லாதவர்: 'இதை வாங்கினால் பையன் கிதார் கற்றுக்கொள்வான்' என்று நம்புகிறவர். இதற்காகவே நாற்பதாயிரத்துக்குப் பெட்டியும் சேர்த்து வாங்க நினைப்பவர். தனியாக அறையில் ஆடப் போகும் பிள்ளைக்கு வாங்குகிறவர். கடன் அட்டையில் தவணை போடுகிறவர்.

இந்தப் பட்டியலில் என் வீட்டை வைத்துப் பார்த்தேன். பெட்டி இல்லை. வந்து போகும் பிள்ளைகளும் அதிகம் இல்லை. ஆகவே உத்தரவு இப்படி:

புதுப் பொம்மை வாங்குவதற்கில்லை. பையன் வீட்டுக் கம்ப்யூட்டரில் குளோன் ஹீரோவை இறக்கி, இடது கை வசதியைப் போட்டு, முழுப் பரீட்சை லீவு முடியும் வரை ஆடலாம். அம்மா அதைக் குறை சொல்லக் கூடாது. லீவு முடிந்த பிறகும் ஆசை இருந்தால், வருகிற அகவிலைப்படி நிலுவையில் நல்ல கிதார் ஒன்று, இடது கைக்காரருக்கென்றே செய்தது, சொல்லி வைத்து வாங்கித் தரப்படும். சொல்லிக்கொடுப்பவரிடம் முதல் நாளே, "பையன் இடது கை, அப்படியே சொல்லிக் கொடுங்க" என்று நானே நேரில் போய்ச் சொல்வேன். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற பெரிய மேதை வலது கைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்துத்தான் உலகத்தையே ஆட்டினார் என்பதையும் சொல்வேன்.

லீவு முடிந்து அவன், "கிதார் வேணாம் தாத்தா, விளையாட்டுதான் வேணும்" என்று சொன்னாலும் கோபப்பட மாட்டேன். கேரம் போர்டு வாங்கிய கணக்கில் ஒரு பழைய செட்டைத் தேடிப் பிடிக்கலாம். செங்கல்பட்டுப் பையனையும் லீவுக்கு இங்கே வரச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.